கபாலக்குத்தும் மூளையின் இரசாயனமும்

வன்னிப் பெருநிலத்திலே சிறுபோகப் பயிர் கதிர் முற்றும் காலத்து வெயிலுக்கும் கச்சான் காற்றுக்கும் பழகாதவர் இலர். குளத்து நீர் வற்றி அலைகரை மணல் கண்ணைக் கூசவைக்கும் அந்நாள்களில், வெளியே சென்று மீண்ட ஒருவர் நெற்றியைப் பொத்திக்கொண்டு திண்ணையில் அமர்ந்தால், “வெயில் தலைக்குள் ஏறிவிட்டது” என்று வீட்டார் கூறுவர். ஒரு செம்பு தண்ணீரும் சிறிது நிழலும் பெரும்பாலோருக்குப் போதும். சிலருக்கோ அது போதுவதில்லை. அவர்களுடைய தலையிடி நிழலுக்கு அடங்காது, நீருக்குத் தணியாது, ஒரு நாளோ, இரண்டு நாளோ, மூன்று நாளோ தன் ஆட்சியை நடத்திவிட்டுத்தான் அகலும்.

பரந்தன், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என எந்த ஊரையும் எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் ஆண்டிலே படிக்கும் சிறுமி ஒருத்தி உள்ள வீட்டை நேயர்கள் எண்ணிக்கொள்வார்களாக. முதல் நாள் மாலையிலேயே அவள் காரணமின்றிக் கொட்டாவி விடுகிறாள். எதையாவது இனிப்பாக உண்ண வேண்டும் என்கிறாள். சிறு சொல்லுக்கும் சினக்கிறாள். மறுநாட் காலை தேநீரின் மணமே அவளுக்குக் குமட்டுகிறது. இடக்கண்ணின் பின்னே நாடித் துடிப்புக்கு ஒத்தாற்போல ஒரு குத்து எழுகிறது. படி ஏறினால் அது பெருகுகிறது. தம்பி உரக்கப் பாடம் படித்தால் பெருகுகிறது. யன்னலால் வரும் வெளிச்சம் ஊசி போலப் பாய்கிறது. வாந்தி எடுத்தபின் கதவைச் சாத்திக்கொண்டு, நெற்றியிலே சீலையை இறுக்கிக் கட்டிப் படுத்துவிடுகிறாள். அடுத்த நாள் எழும்போது வலி இல்லை. ஆயினும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

இதற்கு அவ்வீட்டிலே மூன்று விளக்கங்கள் கிடைக்கும். அப்பாச்சி நாவூறு என்பார். பெரியப்பா பித்தம் என்பார். மூன்றாவது விளக்கம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. சோதனை நெருங்கும் காலத்திலே பிள்ளை பாடசாலைக்குக் கள்ளம் செய்கிறாள் என்பது அது. இதே நோய் மணமான பெண்ணொருத்திக்கு வந்தால், அம்மூன்றாவது விளக்கம் ‘வேலைக்கள்ளி’ என்ற சொல்லாக மாமியார் வீட்டிலே வெளிப்படும். முதலிரண்டு விளக்கங்களும் நோயாளிக்குப் பெருந்தீங்கு செய்வனவல்ல. மூன்றாவதே கொடியது. நோயைத் தாங்குவதோடு பழியையும் தாங்கும்படி அது செய்கிறது.

ஈழத்து மக்கள் இந்நோயைக் கபாலக்குத்து என்றும் ஒற்றைத் தலையிடி என்றும் வழங்குவர். ஆங்கிலத்திலே மைக்ரேன் எனப்படுவதும் பாதி மண்டை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மருவி வந்ததே. ஒன்றையொன்று அறியாத இரு மொழியினர் ஒரே அடையாளத்தைக் கண்டு பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது. எனினும் இப்பெயர் முழுவதும் பொருந்துவதன்று. பலருக்கு, அவர்களுள்ளும் சிறுவர்க்கு, வலி தலையின் இருபுறமும் வரும். யாழ்ப்பாணத்து வைத்திய நூலாகிய பரராசசேகரத்திலே தலைநோய்களுக்கெனச் சிரரோக நிதானம் என்ற பகுதியே தனியாக உண்டு. தலைநோய்கள் பலவகைப்படும் என்பதையும் அவற்றைப் பிரித்தறிந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்பதையும் நம் பரியாரிமார் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

உலக மக்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனத்தார் கர்நாடக மாநிலத்திலே வீடு வீடாகச் சென்று நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்விலே, ஓராண்டுக் காலத்துள் நாலு பேருக்கு ஒருவர் இதனால் வருந்தியமை தெரியவந்தது. ஆண்களிலும் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இத்தனை பேர் ஒருங்கே கள்ளம் செய்வார்கள் என்று கருதுவது பொருந்துமா?

தலையினுள்ளே நிகழ்வதுதான் யாது? மூளை என்பது உடம்பின் எல்லா வலிகளையும் உணரும் உறுப்பு. ஆனால் தன்னிலே வலியை உணராத உறுப்பு. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் தொட்டுச் சத்திரசிகிச்சை செய்ய இயல்வது அதனாலேயே. எனவே கபாலக்குத்தின் வலி மூளைச் சதையிலே பிறப்பதன்று. மூளையைப் போர்த்திருக்கும் உறையிலும் அவ்வுறையில் ஓடும் குருதிக் குழாய்களிலும் நுண்ணிய நரம்பு நுனிகள் பரந்துள்ளன. அவை முக்கிளை நரம்பு என்ற பெருநரம்பைச் சேர்ந்தவை. நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்றுக்கும் கிளைவிடுவதால் அதற்கு அப்பெயர். பல்லு வலியை மூளைக்கு எடுத்துச் செல்வதும் அந்நரம்புதான். அதன் ஒரு கிளை கண்ணைச் சுற்றியும் மூளையுறையிலும் பரவியிருப்பதனாலேதான் உறையிலே எழும் வலி கண்ணின் பின்னே குத்துவதாகத் தோன்றுகிறது. கண்ணாடி மாற்றிப் பார்த்தும் தலையிடி தீரவில்லை என்று முறையிடுவோர் பலர். அவர்களுடைய கண்ணிலே பிழை இருந்திருக்கவில்லை.

குருதிக் குழாய் விரிவதே இந்நோய்க்கு மூலகாரணம் என்ற கொள்கை நெடுங்காலம் நின்றது. றை என்னும் தானியக் கதிரிலே பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து 1918 இல் எர்கொற்றமின் என்ற மருந்தைச் சுவிற்சர்லாந்து அறிஞர் ஆதர் ஸ்ரோல் பிரித்தெடுத்தார். அதனை ஊசிமூலம் ஏற்றினால் நெற்றிப்பொட்டில் ஓடும் நாடியின் துடிப்பு ஒடுங்குவதையும், அதனுடன் வலியும் தணிவதையும் 1938 இல் ஜோன் கிரகாம், ஹரோல்ட் வூல்ப் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் அளந்து காட்டினர். குழாய் விரிந்தால் வலி, சுருங்கினால் சுகம் என்ற அக்கொள்கை எளிமையானது. துடிக்கும் வலியோடு நன்கு பொருந்துவது. எளிமையான கொள்கைகளை மக்கள் விடுவதில்லை, வைத்தியரும் அப்படியே. ஆனால் 2013 இலே டென்மார்க்கு அறிஞர்கள், நோய் வந்திருக்கும் வேளையிலேயே நோயாளிகளின் தலைக் குருதிக் குழாய்களைக் காந்தப் படம் எடுத்துப் பார்த்தபோது, மண்டையோட்டுக்கு வெளியேயுள்ள குழாய்கள் விரிந்திருக்கவில்லை. உள்ளேயுள்ளவையும் சிறிதளவே விரிந்திருந்தன. நெற்றிப்பொட்டு நாடி குற்றவாளி அன்று.

அவ்வாறாயின் குற்றவாளி யார்? இந்த இடத்திலேதான் இரசாயனம் வருகிறது.

மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பனவல்ல. இரண்டுக்குமிடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு கலம் மற்றதற்குச் செய்தி அனுப்ப வேண்டுமாயின், ஒரு துளி இரசாயனப் பொருளை அவ்விடைவெளியிலே விடுகிறது. எதிர்க்கரையிலுள்ள கலம் அதைத் தனக்குரிய வாங்கியினாலே ஏற்றுக்கொள்கிறது. பொருளைத் திறப்பு என்றும் வாங்கியைப் பூட்டு என்றும் கொண்டால் விளங்கும். ஒரே திறப்பு பல பூட்டுகளுக்குப் பொருந்தலாம்; ஒவ்வொரு பூட்டும் வெவ்வேறு கதவைத் திறக்கலாம். இத்தகைய தூதுப் பொருள்களுள் ஒன்று செரற்றோனின்.

இப்பொருளின் கதை சுவையானது. இத்தாலி நாட்டு விற்றோரியோ எர்ஸ்பாமர் 1930களில் இதைக் குடலிலே கண்டார். அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகரில் றப்போட், ஆர்டா கிறீன், பேஜ் ஆகிய மூவர் 1948 இல் இதைக் குருதியிலே கண்டு, குழாயைச் சுருக்கும் பொருள் என்ற கருத்தமையச் செரற்றோனின் எனப் பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1952 இல் தெரிந்தது. மறு ஆண்டில் பெற்றி துவரொக் என்ற பெண் விஞ்ஞானி பேஜுடன் சேர்ந்து இதே பொருள் மூளையிலும் உள்ளது என நிறுவினார். குடலிலே கண்ட பொருள் தலைக்குள்ளும் இருந்தது.

அதன்பின் சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. புளோரன்ஸ் நகரத்து வைத்தியர் பெட்ரிகோ சிக்குற்றேரி, கபாலக்குத்து வரும் வேளையில் நோயாளியின் சிறுநீரிலே செரற்றோனின் சிதைந்து உண்டாகும் பொருள் மிகுவதை 1961 இல் அறிவித்தார். அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரத்து ஜேம்ஸ் லான்சும் அவர் தோழரும், நோய் எழும்போது குருதியிலுள்ள செரற்றோனின் குறைவதை 1967 இல் காட்டினர். இவற்றுக்கு முன்பே, 1960 இல், நம் பக்கத்துக்கு உரிய மூலிகையொன்றும் சாட்சி சொல்லியிருந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்பட்ட றிசேர்பின் என்ற மருந்து, உடம்பிலே சேமித்துவைக்கப்பட்ட செரற்றோனினை வெளியேற்றித் தீர்த்துவிடும் தன்மையது. அதை ஏற்றியபோது இந்நோயாளருக்குத் தலையிடி கிளம்பியது. செரற்றோனினையே ஊசிமூலம் ஏற்றியபோது தணிந்தது. ஆயினும் செரற்றோனினை அப்படியே மருந்தாகக் கொடுக்க இயலாது. அது மூச்சுத்திணறல், மயக்கம் முதலான பல தொல்லைகளை விளைவிக்கும்.

வாழைப்பழத்திலே செரற்றோனின் உண்டு, அதனால் நாள்தோறும் வாழைப்பழம் உண்டால் இந்நோய் மாறும் எனச் சிலர் கூறுவதுண்டு. பழம் நல்லது, காரணம் பிழையானது. உணவிலுள்ள செரற்றோனின் குருதியிலிருந்து மூளைக்குள் புகுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

எல்லாப் பூட்டுகளையும் திறக்காமல் வேண்டிய பூட்டை மட்டும் திறக்கும் திறப்பொன்றைச் செய்ய இயலுமா என்று இங்கிலாந்திலே பற்றிக் ஹம்பிரியும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் முயன்றனர். அம்முயற்சியின் பயன் சுமாற்றிப்டான் என்னும் மருந்து. 1991 இல் அது நோயாளர் கைக்கு வந்தது. குழாயைச் சுருக்குவதற்கென்றே அது ஆக்கப்பட்டது. ஆனால் அது செய்த வேலை, ஆக்கியவர் எதிர்பார்த்ததிலும் பெரிது. முக்கிளை நரம்பின் நுனிகளிலும் அதற்குரிய பூட்டு இருந்தது. அதைத் தொட்டவுடன் அந்நுனிகள் வேறொரு பொருளைக் கக்குவது நின்றது.

அந்த வேறொரு பொருளே இன்று யாவராலும் பேசப்படுவது. சி.ஜி.ஆர்.பி. என்று நான்கு எழுத்தால் சுருக்கி வழங்கப்படும் அது, முப்பத்தேழு அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சிறு சங்கிலி. 1980களின் தொடக்கத்திலே கண்டறியப்பட்டது. பீற்றர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் ஆகியோர், நோய் உச்சத்திலிருக்கும்போது கழுத்து நாளத்திலிருந்து குருதி எடுத்து ஆராய்ந்து, இப்பொருள் பெருகியிருத்தலை 1990 இல் வெளியிட்டனர். சுமாற்றிப்டான் கொடுத்து வலி தணிந்தபோது அதுவும் தணிந்தது. ஒன்று பெருகும்போது மற்றதும் பெருகினால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்லிவிட முடியாது. மழை பெய்யும்போது குடைகள் பெருகுகின்றன, குடையால் மழை வருவதில்லை. ஆகவே 2002 இல் டென்மார்க்கிலே இன்னொரு பரீட்சை நிகழ்ந்தது. நோயில்லா நேரத்தில் இந்நோயாளர்க்குச் சி.ஜி.ஆர்.பி.யை மெல்ல ஏற்றிப் பார்த்தனர். தலையிடி வந்தது. அதன்பின் ஐயம் குறைந்தது. இப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் அல்லது அதன் பூட்டை அடைக்கும் மருந்துகள் 2018 முதல் வெளிநாடுகளிலே அனுமதி பெற்றுள்ளன. இத்துறையிலே உழைத்த எட்வின்சன், கோட்ஸ்பி, மைக்கேல் மொஸ்கோவிற்ஸ், ஜெஸ் ஒலேசன் ஆகிய நால்வருக்கும் 2021 இல் டென்மார்க்கின் மூளைப் பரிசு வழங்கப்பட்டது.

வலிக்குமுன் கண்ணிலே ஒளி தோன்றுவோரும் உண்டு. நோயாளருள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்கு மேல் அவ்வாறு தோன்றும். பன்பாயின் ஓரத்துப் பின்னல்போல நெளிந்து மின்னும் கோடுகள் பார்வையின் நடுவிலே சிறிதாய்த் தோன்றி, மெல்ல விரிந்து, இருபது முப்பது நிமிடத்தில் ஓரத்தால் மறையும். அவற்றைக் கண்டு பேய் பிடித்தது என அஞ்சியோரும் உளர். கார்ல் லாஷ்லி என்ற உளவியலறிஞர் தமக்கே தோன்றிய அக்கோடுகளை நேரம் குறித்து வரைந்து, மூளையின் பின்புறத்திலே ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்கிறது எனக் கணித்து 1941 இல் எழுதினார். பிறேசில் நாட்டு அரிஸ்ரிடஸ் லியாவோ 1944 இல் முயலின் மூளையிலே அத்தகைய ஊர்தலைக் கண்டார். நரம்புக் கலங்கள் முதலிற் பொங்கிப் பின் அடங்கும் ஓர் அலை அது. கலத்துள்ளிருக்க வேண்டிய பொற்றாசியம் வெளியே பெருக, அடுத்த கலமும் அதன் அடுத்த கலமும் அதே நிலையை அடைகின்றன. வைக்கோற் போரிலே தீ ஓரமாய் ஊர்ந்து செல்வதும், சென்ற இடம் கருகி அடங்குவதும் போல்வது இது. ஒரு வேறுபாடு: இங்கே கருகிய இடம் சில நிமிடங்களில் மீண்டும் பசுமை பெறுகிறது.

முதல் நாள் மாலைக் கொட்டாவியையும் இனிப்பு ஆசையையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றை ஆளும் பரிவகக்கீழ் என்னும் பகுதி மூளையின் அடியிலே உள்ளது. வலி தொடங்குவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே அப்பகுதி கிளர்ச்சியடைவதை 2014 இல் வெளியான படங்கள் காட்டின. டோபமின் என்ற மற்றொரு தூதுப் பொருளுக்கும் இக்கட்டத்திலே பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது. எனவே, இனிப்பைத் தின்றதால் தலையிடி வந்தது என்று பழிக்கப்படும் பிள்ளை, தலையிடி தொடங்கிவிட்டதால் இனிப்பைத் தின்றவளாகவும் இருக்கலாம். காரணமும் காரியமும் எவ்வளவு எளிதில் இடம் மாறிவிடுகின்றன!

இதனால் தூண்டுதல்கள் இல்லையென்று கொள்ளற்க. இந்நோய்க்கு ஆளாகும் மூளை, மாற்றத்தைப் பொறுக்காத மூளை. அத்தன்மை பெரும்பாலும் பெற்றோர்வழி வருவது. பட்டினி, உறக்கக் கேடு, நீர் வற்றுதல், கூசும் ஒளி, கடும் மணம் ஆகியவை அதன் சமநிலையைக் குலைக்கும். வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலுக்கு விரதமிருந்து, வெயிலில் நெடுந்தூரம் நடந்து, இரவு முழுவதும் விழித்திருந்து வரும் அடியவர் ஒருவருக்கு மறுநாள் கபாலக்குத்து வருமாயின், அதற்குத் தெய்வக் குற்றம் தேட வேண்டுவதில்லை. பட்டினி, நீரின்மை, ஒளி, உறக்கமின்மை நான்கும் ஒருங்கே கூடியிருக்கின்றன. விரதத்தை விடும்படி எவரும் சொல்லவில்லை. நீரும் இளநீரும் விரதத்துக்கு விலக்கல்ல என்று எண்ணும் வீடுகளில் அவற்றை மறவாது அருந்தச் செய்யலாம்.

தலைமுழுகினால் தலையிடிக்கும் என்று நம் பெண்கள் சொல்லும்போது, அது வெறும் நம்பிக்கை என்று படித்தவர் நகைப்பதுண்டு. மும்பாயைச் சேர்ந்த தலைவலி நிபுணர் ரவிசங்கர், தலைமுழுக்கினால் நோய் தூண்டப்பெற்ற இந்திய நோயாளர் 94 பேரைக் குறித்து 2006 இல் ஒரு சர்வதேச வைத்திய சஞ்சிகையில் எழுதினார். மேனாட்டு நூல்களின் தூண்டுதற் பட்டியலிலே காணப்படாத ஒன்று அது. நெடுங்கூந்தலை ஈரத்தோடு முடிந்துகொள்ளும் வழக்கம் அந்நூலாசிரியர்களின் வீடுகளிலே இருந்திருக்காது.

பருவமடையுமுன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இந்நோய் ஏறத்தாழச் சமமாகவே வரும். அதன்பின் பெண்கள் பக்கம் தராசு தாழ்கிறது. மாதவிடாய்க்குச் சற்று முன்னே ஈஸ்திரஜன் என்ற ஓமோன் திடீரென வீழ்வதே காரணம். அவ்வீழ்ச்சி செரற்றோனினையும் சி.ஜி.ஆர்.பி.யையும் தொட்டு அசைக்கிறது. கருவுற்ற பிற்காலத்தில் பலருக்கு நோய் தணிவதும், மாதவிடாய் முற்றும் நின்றபின் பலருக்கு நோய் விலகுவதும் இதனாலேயே.

போரினால் நலிந்த வன்னியிலே இந்நோயைப் பற்றிப் பேசுவோர் ஒன்றைத் தவிர்த்துச் செல்ல முடியாது. 2009 மே மாதத்தோடு முடிந்த போரிலே தலையில் அடியும் குண்டுச் சிதறலும் பட்டோர் பலர். தலைக்காயத்தின் பின் எழும் தலையிடி பெரும்பாலும் கபாலக்குத்தின் சாயலிலேயே இருக்கும். உறக்கமின்மையும் நீங்காத அச்சமும் நோயை அடிக்கடி வரச்செய்யும். ஆயின், தலையிடி என்று வரும் பெண்ணைப் பார்த்த அளவில் ‘எல்லாம் போரின் பாதிப்பு, மனத்தைத் தேற்றிக்கொள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதும் நேர்மையானதன்று. மனத்துயருக்கு ஆறுதல் வேண்டும். தலையிடிக்கு மருந்து வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகிவிடாது.

மருந்து என்றதும் கடைக்குச் சென்று பனடோல் அட்டையொன்றை வாங்குவதே வழக்கம். அம்மாத்திரை தீயதன்று. உரிய நேரத்திலே, உரிய அளவிலே உட்கொண்டால் பலருக்கு அதுவே போதும். பிழை நேரத்திலே உள்ளது. பொறுத்துப் பார்ப்போம் என்று வாந்தி வரும் வரைக்கும் பொறுத்தபின் விழுங்கும் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். ஏனெனில் நோய் முற்றியதும் இரைப்பையின் இயக்கமும் தளர்ந்துவிடுகிறது. குத்து மெல்லெனத் தொடங்கும் முதல் அரைமணி நேரத்துள் உட்கொள்வதே பயன் தரும். வாந்தியை நிறுத்தும் மருந்தையும் உடன் தருமாறு வைத்தியரைக் கேட்கலாம்.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் பெரியது. நாளாந்தம் மாத்திரை விழுங்குவோர் உளர். மாதத்திலே பதினைந்து நாள்களோ அதற்கு மேலோ சாதாரண வலிநிவாரணியை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், அம்மாத்திரையே தலையிடியைத் தோற்றுவிக்கத் தொடங்கும். சுமாற்றிப்டான் வகைக்கும் கலப்பு மாத்திரைகளுக்கும் பத்து நாளே எல்லை. வலியை அடக்கும் மூளையின் சொந்த ஏற்பாடுகள் தளர்ந்து, வலியை உணரும் பாதைகள் மேலும் கூர்மை பெறுகின்றன. நோயாளி வலி மிகுந்தது என எண்ணி மாத்திரையைக் கூட்டுவார்; மாத்திரை வலியைக் கூட்டும். வைத்தியரின் மேற்பார்வையில் அதை நிறுத்துவதே வழி. நிறுத்திய முதற் சில நாள்கள் கடினமாயிருக்கும் என்பதை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

வவுனியா மாவட்டத்தார் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவாகியுள்ள மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. டைக்குளோபெனக், இபுபுறோபன் முதலான வலிநிவாரணிகள், வெயிலில் உழைத்து நீர் வற்றிய உடம்பிலே சிறுநீரகத்துக்குக் கேடு செய்ய வல்லவை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அவை ஆகா. காய்ச்சலோடு வரும் தலையிடிக்கு இம்மருந்துகளையும் அஸ்பிரினையும் எவரும் தொடலாகாது. அது டெங்குக் காய்ச்சலாயின் குருதிப் பெருக்கை உண்டாக்கிவிடும்.

மாதத்திலே நாலைந்து நாள்களுக்கு மேல் நோய் வருமாயின், வந்தபின் துரத்துவதைவிட வராமற் காப்பதே தக்கது. 2018 இன் புதிய மருந்துகள் விலை மிகுந்தவை. அவை இல்லையே என்று வருந்தி இருக்க வேண்டுவதில்லை. பழைய மலிவான மருந்துகள் உண்டு. நெஞ்சுவலிக்காரருக்குக் கொடுத்தபோது அவர்களுடைய கபாலக்குத்தும் குறைந்தமையால் 1966 இல் தற்செயலாகப் புலப்பட்டது புறொப்பிறனலோல். தொய்வு நோயாளருக்கு மட்டும் அது உதவாது. அமிற்றிப்டிலின், செரற்றோனின் முதலிய தூதுப் பொருள்களின் ஓட்டத்தைச் சீராக்குவது. சோர்வு நோய்க்கென வந்தது. அதை எழுதித் தந்தால் ‘வைத்தியர் எனக்கு விசர் என்று எண்ணிவிட்டார்’ என்று நோயாளர் மனம் நோவதுண்டு. கபாலக்குத்துக்குக் கொடுக்கும் அளவு மிகச் சிறியது, நோக்கமும் வேறு. இவை சில கிழமைகள் சென்றபின்னரே பயன் தரும் என்பதை அறியாது, பத்தாம் நாளில் நிறுத்திவிடுவோரே மிகுதி.

எல்லாத் தலையிடியும் கபாலக்குத்து அன்று. இடி விழுந்தாற்போல் ஒரு கணத்திலே உச்சம் பெறும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் உடன்வரும் தலையிடி, கை கால் சோர்வோ பேச்சுக் குழறலோ வலிப்போ உடன்வரும் தலையிடி, தலையில் அடிபட்டபின் பெருகிவரும் தலையிடி, ஐம்பது வயதின்பின் புதிதாய்த் தொடங்கும் தலையிடி, கருவுற்றவளுக்குக் கண் மங்கலோடு வரும் தலையிடி, இவற்றுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டும் தைலம் பூசிக்கொண்டும் இருத்தல் தகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மீண்டும் அச்சிறுமியிடம் வருவோம். சோதனை நாளிலே நோய் வந்தது, ஆதலால் கள்ளம் என்றனர். அவளுக்குச் சோதனை முடிந்த மறுநாளிலும் வந்திருக்கும். பள்ளி விடுமுறையின் முதல் நாளிலும் வந்திருக்கும். மன அழுத்தம் ஏறும்போது மட்டுமன்றி அது தளரும்போதும் நோய் எழும் என்பது நன்கு அறியப்பட்டது. கள்ளம் செய்பவள் விடுமுறை நாளிலே விளையாட்டை விட்டு இருட்டறையில் கிடக்கமாட்டாள். சிறு வகுப்புப் பிள்ளைகளிலே சிலருக்கு இந்நோய் தலையிடியாக வராமல், அடிக்கடி வரும் வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் வருவதுண்டு. அவர்களையும் ஆசிரியர் ஐயுறுகின்றனர். பாடசாலையிலே இதற்கெனப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஓர் இருண்ட மூலை, ஒரு பாய், குடிக்க நீர், பெற்றோர் எழுதிக் கொடுத்த மாத்திரை, ஒரு மணி நேர அமைதி. காலையுணவின்றி வரும் பிள்ளைக்கு முதற் பாடத்துக்கு முன் ஒரு துண்டுப் பாண். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் நள்ளிரவுப் படிப்பையும் அதிகாலைப் படிப்பையும் ஒருங்கே வற்புறுத்தும் ஆசிரியர், இந்நோயுள்ள பிள்ளைக்கு இரண்டில் ஒன்றையாவது விட்டுக்கொடுக்கலாம்.

வீட்டார் செய்யத்தக்கது, சுவரிலே தொங்கும் நாட்காட்டியில் நோய் வந்த நாள்களைக் குறித்து வருவது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதல் நாள் உறக்கம் எப்படி, உணவு தவறியதா, மாதவிடாய் எந்நாள் என்பவற்றையும் பக்கத்திலே எழுதலாம். மூன்று மாதத்து ஏடுகளைக் கிழித்து எறியாது, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உள்ள மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றால், எந்தப் படத்தையும்விட அவை வைத்தியருக்கு உதவும். மாத்திரை விழுங்கிய நாள்களை வேறொரு நிற மையினால் குறித்துக்கொள்க. வைத்தியர் முதலில் எண்ணிப் பார்ப்பது அவற்றையே.